உழைக்கும் கையும் அதன் தோலும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிச் செங்கல்பட்டில் நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எங்களுக்கு முன்னே பேசியவர்கள் சட்டத்தைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் நம் வரலாற்றைப் பற்றியும் எடுத்துரைத்தார்கள். எங்களுக்கு ஒதுக்கப்பட்டது அறிவியல். அறிவியல் என்றதும் விண்வெளியையும் அணுவையும் எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் அவ்வளவு தொலைவுக்கு உங்களை அழைத்துச் செல்லப் போவதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். அதன் மேல் போர்த்தியிருக்கும் தோலைப் பற்றித்தான் பேசப் போகிறோம். இப்பொருளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் செய்யூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தம் மகனோடு நம் சங்கத்துக்கு வந்தார். மகன் நம் மாலை வகுப்பில் படித்து வந்தவன். தாய் உப்பளத்தில் கூலி வேலை செய்பவர். நியாய விலைக் கடையில் விரல் ரேகை வைக்கும் கருவி அவருடைய விரலை ஏற்கவில்லை. மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாளும் ஏற்கவில்லை. மூன்றாம் நாளும் அரிசியில்லாமல் திரும்பினார். மனு எழுதித் தருமாறு எங்களிடம் கேட்டார். நாங்கள் எழுதி முடிக்கும் வரையிலும் அவர் தம் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்து வைத்திருந்தார். "உப்பு தின்னுடுச்சிப்பா, எங்கையில ரேகையே இல்ல" என்றார். பக்கத்தில் நின்ற மகன் தலையைக் குனிந்து கொண்டான்.

மனு போயிற்று. மாற்று வழியில் அரிசியும் கிடைத்தது. ஆனால் போகும்போது அந்தப் பையன் எங்களிடம் ஒன்று கேட்டான்: "அம்மா கை கெட்டுப் போச்சா சார்?" அன்று நாங்கள் ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பினோமே தவிர, விடை சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. அந்த விடையைத் தேடிப் படித்ததன் பயனே இவ்வுரை.

தோல் எதனால் ஆனது?

நம் தோலில் இரண்டு பெரும் அடுக்குகள் உள்ளன. மேலே இருப்பது மேல்தோல். கீழே இருப்பது அடித்தோல். மேல்தோல் மிக மெல்லியது. கண்ணிமையில் அதன் தடிப்பு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒன்றரை மில்லிமீட்டர் வரை இருக்கும். இந்த மெல்லிய போர்வைதான் மண்வெட்டிப் பிடியையும் கடப்பாரையையும் சுடுமணலையும் முதலில் எதிர்கொள்கிறது.

மேல்தோல் உயிரணுக்களால் ஆனது. அதன் அடிவரிசையிலுள்ள உயிரணுக்கள் இடைவிடாமல் இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகுகின்றன. புதியவை பிறக்கப் பிறக்கப் பழையவை மேல்நோக்கித் தள்ளப்படுகின்றன. நான்கு வாரமோ அதற்குச் சற்று மேலோ பயணம் செய்து, மேற்பரப்பை அடைவதற்குள் அவை தட்டையாகி, உயிரை இழந்து, ஓடுகளைப் போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, பின்பு உதிர்கின்றன. ஆகவே இன்று நாம் தொடுகின்ற மேல்தோல் சில மாதங்களுக்கு முன் நம்மிடம் இருந்ததன்று. நமக்கே தெரியாமல் நம் உடல் அதை நெய்துகொண்டே இருக்கிறது.

உயிரணு என்பது அடிப்படையில் நீர் நிறைந்த மென்மையான பை. விரலால் அழுத்தினாலே உடைந்துவிடக்கூடிய அப்படிப்பட்ட பைகளை அடுக்கி வைத்தால், பாறையைப் புரட்டும் கை எப்படி உண்டாகும்? இக்கேள்விக்கு விடை கெராட்டின் என்னும் புரதத்தில் இருக்கிறது.

நம் தலைமயிர், நகம், மாட்டின் கொம்பு, குளம்பு ஆகிய எல்லாம் பெரும்பாலும் கெராட்டினால் ஆனவை. மயிர் தீயில் பட்டால் எழும் நாற்றம் நமக்குத் தெரியும். அது கெராட்டினிலுள்ள கந்தகத்தின் நாற்றம். கெராட்டின் இழைகளை ஒன்றோடொன்று இறுகப் பூட்டுவது அந்தக் கந்தகப் பிணைப்பே. நகத்திலும் மயிரிலும் இப்பிணைப்பு மிகுதி. ஆகவே அவை கெட்டியாக உள்ளன. மேல்தோலில் குறைவு, ஆகவே அது வளைந்து கொடுக்கிறது.

மனிதருக்கு 54 வகைக் கெராட்டின்களுக்கான மரபணுக்கள் உள்ளன. அவை இரண்டு இனங்களாகப் பிரியும். ஓர் இனத்திலிருந்து ஒன்றும் மற்றோர் இனத்திலிருந்து ஒன்றுமாக இரண்டு சங்கிலிகள் சேர்ந்து முறுக்கிக் கொண்டால்தான் இழை உருவாகும். ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு தாமே சேர்ந்து இழையாக மாட்டா. இப்படி முறுக்கிய இணைகள் மேலும் சேர்ந்து, குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 32 சங்கிலிகள் கொண்ட ஒரு வடமாகின்றன. அவ்வடத்தின் தடிப்பு மில்லிமீட்டரை நூறாயிரமாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கு.

கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தனித்தனி நார் எளிதில் அறும். நாரைத் திரித்துப் புரியாக்கி, புரிகளை எதிர்முறுக்கில் சேர்த்தால் கிணற்றில் ஏற்றம் இறைக்கும் வடமாகிறது. உயிரணுவுக்குள் நடப்பதும் ஏறத்தாழ அதுவே. ஒரு வேற்றுமை உண்டு. கெராட்டின் வடத்தை இழுத்தால் அது அறுவதற்கு முன் தன் நீளத்தைவிட இரு மடங்குக்கும் மேலாக நீண்டு கொடுக்கிறது. நீள நீள மேலும் உறுதியாகிறது. மேற்பரப்பை அடைந்து உலர்ந்த உயிரணுவின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு வரை கெராட்டினே.

வடமும் முடிச்சும்

உறுதியான வடம் இருந்தால் மட்டும் போதுமா? மாமல்லபுரம் கடற்கரையில் இப்போது கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. ஆயினும் தேவனேரியிலும் கொக்கிலமேட்டிலும் உள்ள மூத்தவர்கள் கட்டுமரத்தில் அலையைக் கடந்ததை இன்றும் சொல்வார்கள். கட்டுமரத்துக்கு ஆணி அடிப்பதில்லை. மரங்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கயிற்றால் கட்டுவார்கள். அலை அடிக்கும்போது கட்டு சற்றே அசைந்து கொடுக்கும். ஒரு மரத்தில் விழுந்த அடியைக் கட்டு எல்லா மரங்களுக்கும் பகிர்ந்துவிடும். மரம் எத்தனை வலிமையாக இருந்தாலும் கட்டு அவிழ்ந்தால் ஆளும் மரமும் கடலில்.

மேல்தோலிலும் அத்தகைய கட்டு உண்டு. அடுத்தடுத்த இரண்டு உயிரணுக்களின் சுவர்கள் சந்திக்கும் இடங்களில் பொத்தான் பதித்ததைப் போன்ற இணைப்புகள் அமைந்துள்ளன. அவற்றுக்கு டெஸ்மோசோம் என்று பெயர். ஓர் உயிரணுவின் கெராட்டின் வடங்கள் உட்புறத்திலிருந்து வந்து இந்தப் பொத்தானில் முடிச்சிடப்படுகின்றன. அடுத்த உயிரணுவின் வடங்கள் மறுபுறத்தில் முடிச்சிடப்படுகின்றன. அடிவரிசை உயிரணுக்களோ தங்கள் கீழ்ப்புறத்தில் அடித்தோலோடும் இதுபோலவே கட்டப்பட்டுள்ளன. இவ்வாறு கையின் ஒரு புள்ளியில் விழும் இழுப்பு ஆயிரக்கணக்கான உயிரணுக்களுக்குப் பரவி, ஒன்றும் கிழியாமல் தாங்கப்படுகிறது.

இதற்கு நேர்மாறானதை மாமல்லபுரத்துப் பாறைகளில் காணலாம். பாறையை எப்படிப் பிளந்தார்கள்? வரிசையாகச் சிறு குழிகள் வெட்டி, ஆப்பு இறக்கினார்கள். அந்த வரிசைக் குழிகள் இன்றும் சில பாறைகளில் அப்படியே இருக்கின்றன. பாறை கெட்டியானது, ஆனால் நீண்டு கொடுக்காது. ஓரிடத்தில் விரிசல் கண்டால் அது கோடு பிடித்தாற்போல் மறுமுனை வரை ஓடும். பாறையைப் பிளந்த கையின் தோலோ பாறையைவிட எத்தனையோ மடங்கு மென்மையானது. ஆயினும் அது அப்படிப் பிளக்கவில்லை. அழுத்தத்தை வாங்கிப் பகிர்ந்தளிக்கும் வடமும் முடிச்சும் அதற்குள் இருந்தன.

இவையெல்லாம் வெறும் ஊகம் அல்ல, மெய்ப்பிக்கப்பட்டவை. கை பட்டாலும், உடை உராய்ந்தாலும் கொப்புளம் எழும் ஒரு பிறவி நோய் உண்டு. அந்நோயுள்ள குழந்தையைத் தாய் தூக்கினாலே தோல் கழன்று வரும். 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எலைன் ஃபியூக்ஸ் என்னும் பெண் விஞ்ஞானியின் ஆய்வுக்கூடம் இந்நோயின் வேரைக் கண்டது. கெராட்டின் 14 என்னும் புரதச் சங்கிலியில், குறித்த ஓரிடத்தில் இருக்க வேண்டிய அமினோ அமிலத்துக்குப் பதிலாக வேறொன்று அமர்ந்திருந்தது. அந்த ஒரே மாற்றத்தால் வடம் சரிவரத் திரளவில்லை. அடிவரிசை உயிரணுக்கள் சிறு உராய்விலும் உடைந்தன. வடம் குறைபட்டால் இப்படி. முடிச்சு குறைபட்டாலோ வேறு நோய்: உடலின் எதிர்ப்பாற்றல் தவறுதலாக டெஸ்மோசோமைத் தாக்கினால், உடையாத உயிரணுக்களே ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து பெரும் புண்ணாகின்றன. அதற்குப் பெம்பிகஸ் என்று பெயர்.

காய்ப்பு என்பது என்ன?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். முதல் நாள் கடப்பாரை பிடித்தவன் கையில் மாலைக்குள் கொப்புளம் எழும். தோல் தாங்கும் அளவுக்கு மேல் உராய்வு விழுந்ததால், மேல்தோலின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக் கிழிந்து, இடையே நீர் கோத்துக் கொள்கிறது. அதே வேலையைப் பல மாதம் செய்தவன் கையில் கொப்புளம் எழுவதில்லை, காய்ப்பு இருக்கும். இடைப்பட்ட நாட்களில் நடந்தது என்ன?

அழுத்தத்தையும் உராய்வையும் உணர்ந்த அடிவரிசை உயிரணுக்கள் விரைந்து பெருகின. உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் உரிய கெராட்டின் 9 அங்கே ஏற்கெனவே மிகுதி. அதனோடு, காயமும் நெருக்கடியும் நேரும்போது சுரக்கும் 6, 16 ஆகிய எண்ணுள்ள கெராட்டின்களும் சேர்ந்தன. உலர்ந்த ஓடுகள் கூடுதலாக அடுக்கப்பட்டன. ஆகவே காய்ப்பு என்பது அழுக்கன்று; நோயன்று; செத்துப்போன கையின் அடையாளமும் அன்று. சுமையைக் கண்டு, உயிருள்ள தோல் கட்டிக்கொண்ட காப்பு அது. நோய் எனக் கொள்ள வேண்டுமானால், இத்தனை சுமை வந்தும் காய்க்காத கையைத்தான் கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் இங்கே சொல்லியாக வேண்டும். கருவிலுள்ள குழந்தைக்கே உள்ளங்காலின் தோல் மற்ற இடங்களைவிடத் தடித்திருக்கிறது. 1871இல் வெளிவந்த நூலில் டார்வின் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். எந்தத் தெருவில் பிறக்கப் போகும் குழந்தையாயினும் இதுவே. நிறத்துக்குக் காரணமான மெலனின் கூடலாம், குறையலாம். கெராட்டின் வடத்தின் முறுக்கில் கறுப்பு சிவப்பு என்ற வேற்றுமை இல்லை. எவர் தோலைத் தொட்டால் தீட்டு என்று சொன்னார்களோ, அவர் தோலிலும் சொன்னவர் தோலிலும் இழை ஒன்றே, முடிச்சு ஒன்றே. இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில், நம் மக்கள் உழைத்த நிலம் அவர்களுக்குச் சொந்தமில்லாதிருந்த அவலத்தை 1891இல் ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கையாக எழுதினார். அந்நிலங்களில் காய்த்துப் போன கைகளுக்கும், நிலத்தின் பட்டாவில் கையெழுத்திட்ட கைகளுக்கும் இருந்த வேற்றுமை பிறப்பால் வந்ததன்று, சுமையால் வந்தது.

ரேகை எங்கே போயிற்று?

அந்தத் தாயின் ரேகை எங்கே போயிற்று? விரல் ரேகையின் அச்சு மேற்பரப்பில் இல்லை. மேல்தோலும் அடித்தோலும் சந்திக்கும் இடத்திலுள்ள மேடு பள்ளங்களில் அது பதிந்திருக்கிறது. பிறப்பதற்கு முன்பே அங்கே அமைந்துவிட்டது. நாள்தோறும் உப்பை வாரிக் குவிக்கும் விரலில் மேலே உள்ள ஓடுகள், புதியவை வந்து சேர்வதைவிட வேகமாகத் தேய்கின்றன. உப்புநீர் தோலின் ஈரத்தையும் எண்ணெய்ப் பசையையும் கவர்ந்துகொள்வதால் தோல் வறண்டு வெடிக்கிறது. கருவி பார்ப்பது மேற்பரப்பை மட்டுமே. அடியில் இருக்கும் அச்சு அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆழமான காயமோ தீப்புண்ணோ அடித்தோலைச் சிதைத்திருந்தாலன்றி, தேய்மானம் நின்றால் சில வாரங்களில் அதே ரேகை, கோடு மாறாமல், மீண்டும் மேலே வரும்.

அப்படியே வந்தது. அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை தொடங்கி உப்பளங்களில் வேலை நின்றது. கார்த்திகை மாதத்தில் அவர் மீண்டும் சங்கத்துக்கு வந்தபோது கருவி தம் விரலை எடுத்துக்கொண்டது என்றார். வேலை இருக்கும் மாதங்களில் ரேகை இல்லை; ரேகை வந்த மாதங்களில் கூலி இல்லை. இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களால் சிரிக்க முடியவில்லை.

வலிமைக்கும் எல்லை உண்டு

இளைஞர்களே! உழைக்கும் கையைப் புகழ்ந்து பேசுவோர் நாட்டில் பலர் உண்டு. புகழ்ந்துவிட்டுக் கையுறை வாங்கித் தராமல் போய்விடுவார்கள். நாங்கள் அந்த வரிசையில் சேர விரும்பவில்லை. தோலின் வலிமைக்கு எல்லை உண்டு என்பதையும் அதே அறிவியல்தான் சொல்கிறது.

நடவுக் காலத்தில் நாள் முழுதும் சேற்றில் நின்றால் மேல்தோலின் கெராட்டின் நீரை உறிஞ்சி ஊதிப் பலவீனமாகிறது. விரலிடுக்கில் சேற்றுப்புண் வருகிறது. அதற்கு மாறாக, வறண்டு தடித்த குதிகால் வளைந்து கொடுக்க இயலாமல் பாறையைப் போலவே விரிசல் விடுகிறது, அதுவே பித்தவெடிப்பு. கட்டட வேலையில் சிமெண்டின் காரம் தோலின் பசையை அரிக்கிறது. அதிலுள்ள குரோமியம் சிலருக்கு ஆறாத ஒவ்வாமையைத் தருகிறது. காப்பு கட்டும் வேலையைத் தோல் செய்கிறது என்பதற்காக, காப்பு தரும் கடமையிலிருந்து வேலை வாங்குவோர் நீங்கிவிட முடியாது.

இந்த எல்லையைப் பற்றிய பெரும் பாடம் ஒன்று நம் செங்கல்பட்டிலேயே தொடங்கியது என்பதை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? திருமணியில் உள்ள மத்தியத் தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தை நாம் அறிவோம். 1955இல் மத்திய அரசு ஏற்பதற்கு முன் அது லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனையாக இருந்தது. 1940களின் பிற்பகுதியில் அங்கே தோல்நோய் வல்லுநர் இராபர்ட் காக்ரேன் பணியாற்றினார். கொல்லிமலையில் 1914இல் பிறந்து, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்திருந்த பால் பிராண்ட் அவரைக் காண வந்தார். தொழுநோயாளரின் சதை தானே அழுகி, விரல்கள் தாமே உதிர்ந்துவிடும் என்றே அன்று பலரும் நம்பினர். மடங்கிப் போன விரல்களையுடைய ஒரு நோயாளியின் கைக்குள் பிராண்ட் தம் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியில் அவருக்கு வலித்தது. செத்துப்போனதாகக் கருதப்பட்ட கையில் அத்தனை வலிமை உயிரோடு இருந்தது. அந்தக் கையைத் தொட்டதால்தான் அவருக்கு அது தெரிந்தது.

அதன்பின் பல்லாண்டு ஆய்ந்து அவரும் அவருடைய துணைவர்களும் கண்ட உண்மை இது: நோயாளியின் தோலும் சதையும் தாமாக அழுகுவதில்லை. நோய்க்கிருமி நரம்பைத் தாக்குகிறது. உணர்ச்சி போய்விடுகிறது. வியர்வை நின்று தோல் வறண்டு வெடிக்கிறது. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடித்த கை விடுவதில்லை. முள் குத்திய கால் நொண்டுவதில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தில் அடிச்சதை நைந்து புண்ணாகிறது. நம் தோல் தாங்குவது கெராட்டினால் மட்டும் அன்று. எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லும் வலியும் அதற்குக் காவல். ஆகவே சிகிச்சையும் எளிமையாக அமைந்தது: நாள்தோறும் காலை நீரில் ஊறவைத்தல், தடித்த காய்ப்பைத் தேய்த்தெடுத்தல், ஈரம் காயுமுன் எண்ணெய் தடவுதல், மென்ரப்பர் அடியுள்ள செருப்பு அணிதல். கிருமியை அழிக்கும் கூட்டுமருந்து அரசு மருத்துவ நிலையங்களில் இலவசம். உடலில் உணர்ச்சியற்ற தேமல் கண்டால் மறைக்காமல் உடனே காட்டுங்கள். மறைத்தால்தான் கை கால் ஊனமாகும்.

பதனிட்டோரும் ஆய்ந்தோரும்

மேல்தோலைப் பற்றிச் சொன்னோம். அது கட்டப்பட்டிருக்கும் அடித்தோலைப் பற்றியும் சில சொற்கள். அடித்தோலின் வலிமை கொலாஜன் என்னும் வேறொரு புரதத்தால் வருவது. இவ்விரு புரதங்களையும் பிரித்தறிந்த முதல் கைகள் ஆய்வுக்கூடத்துக் கைகள் அல்ல. பச்சைத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டால் மேல்தோல் நெகிழ்ந்து மயிர் கழன்று வரும், அடித்தோல் நிற்கும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறினால் அது அழுகாத தோலாகும். சுண்ணாம்பின் காரம் கெராட்டினின் கந்தகப் பிணைப்பை அவிழ்க்கிறது, கொலாஜனை அவ்வளவாகத் தொடுவதில்லை என்பதே இதன் வேதியியல். பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் பதனிடு தொட்டிகளில் நின்ற நம்மவர்க்கு அதன் பெயர்கள் தெரியாது. ஆனால் குழியில் எத்தனை நாள் என்பது தெரியும். குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. அத்தொழில் செய்தவர்களைத் தள்ளி நிறுத்திய ஊர், அவர்கள் பதனிட்ட தோலைக் காலில் அணிந்தும் மேளத்தில் கட்டியும் பயன்படுத்திக் கொண்டது.

கொலாஜனின் வடிவத்தை உலகுக்குச் சொன்னது நம் சென்னை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் அதை வெளியிட்டனர்; 1955இல் மேலும் செப்பம் செய்தனர். மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய முப்புரி வடம் அது. அச்சங்கிலியில் மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம். மூன்று புரிகளும் நெருங்கும் உள்ளிடத்தில் வேறெதற்கும் இடமில்லை. அவர்கள் ஆய்ந்த மாதிரி, அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பெற்ற கங்காருவின் வால் தசைநாண். தொட்டால் தீட்டு என்று ஊர் ஒதுக்கிய தோல், உலக அறிவியலில் தமிழ்நாட்டுக்கு இடம் வாங்கித் தந்தது. அந்த ஆய்வுக்கூடங்களில் இனி நம் பிள்ளைகளும் அமர வேண்டும் என்பது இச்சங்கத்தின் நியாயமான ஆசை.

நாம் செய்ய வேண்டியவை

உரையை முடிக்கும் முன் நான்கு வேண்டுகோள்கள்.

முதலாவது, வேலை முடிந்து வரும் தாய் தந்தையர்க்குக் கை கால்களைக் கழுவி, ஈரம் உலருமுன் தேங்காயெண்ணெய் தடவும் பழக்கத்தை வீட்டில் ஏற்படுத்துங்கள். செலவு சிறிது, ஈரத்தைப் பிடித்து வைத்த கெராட்டின் வெடிக்காது.

இரண்டாவது, உப்பளம், கல்குவாரி, கட்டட வேலை எதுவாயினும் கையுறையும் காலணியும் கேட்டுப் பெறுங்கள். கேட்பது பிச்சையன்று.

மூன்றாவது, விரல் ரேகை பதியவில்லை என்று எவரும் உணவுப் பொருளின்றித் திரும்ப வேண்டியதில்லை. கருவிழிப் பதிவு முதலிய மாற்று வழிகள் உள்ளன. படித்த பிள்ளைகள் உடன் சென்று கேளுங்கள். தனியே நிற்கும் தாயிடம் "நாளைக்கு வா" என்பவர்கள், பக்கத்தில் விதியறிந்த பிள்ளை நின்றால் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள்.

நான்காவது, உயிரியலைப் பாடப் புத்தகத்தில் மட்டும் படிக்காதீர்கள். நம் வீட்டிலுள்ள கைகளில் படியுங்கள். நம் சங்கத்தின் நுண்ணோக்கி மாலை வகுப்பறையில் இருக்கிறது. உதிர்ந்த தோலின் ஒரு துணுக்கை அதில் வைத்துப் பாருங்கள். ஓடு ஓடாக அடுக்கியிருப்பது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

அந்தப் பையன் இன்று பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவில் படிக்கிறான். இந்த மண்டபத்தில்தான் அமர்ந்திருக்கிறான். அவன் தாயும் வந்திருக்கிறார். தம்பி, அன்று நீ கேட்ட கேள்விக்கு இன்று விடை சொல்கிறோம். உன் தாயின் கை கெட்டுப் போகவில்லை. அதன் ரேகை அடியில் அப்படியே இருக்கிறது. தேய்ந்தது மேலே உள்ள ஓடு மட்டுமே. ஓடு தேயாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு இனி உனக்கும் எங்களுக்கும் உண்டு.